ஏகார்ன் கம்ப்யூட்டர்ஸ்: வரலாறும் கணினிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைப்பேசிக்குள் இருக்கும் ஆர்ம் செயலி எங்கே பிறந்தது என்று தேடிச் செல்பவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1978-இல் தொடங்கி 1999-இல் கலைந்துபோன ஒரு சிறிய கணினி நிறுவனத்தில் வந்து நிற்கிறார்கள். அந்த ஏகார்ன் நிறுவனத்தைக் குறித்து வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன. கணினியின் வன்பொருள், மென்பொருள் இரண்டையும் முழுமையாக அறிந்த ஒரு சிலர் அருகருகே அமர்ந்து வேலை செய்ததே இந்நிறுவனத்தின் பெரும்பலம் என்பது என் கருத்து. விடைகள் பெரும்பாலும் அந்தக் கோணத்திலிருந்தே எழுதப்பட்டுள்ளன.

ஏகார்ன் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் யார்?

கிறிஸ் கரி, ஹெர்மன் ஹவுசர் ஆகிய இருவர். கிறிஸ் கரி பல ஆண்டுகள் கிளைவ் சின்கிளேரிடம் பணியாற்றியவர். சின்கிளேரின் சயின்ஸ் ஆஃப் கேம்பிரிட்ஜ் நிறுவனம் 1978-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எம்கே14 என்ற கணினிப் பெட்டகத்தில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. வாங்குபவரே பாகங்களைப் பற்றவைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டிய பெட்டகம் அது. ஹெர்மன் ஹவுசர் ஆஸ்திரியாவில் பிறந்து, கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நுண்செயலிகளை வைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆர்வம் இருவருக்கும் இருந்ததால், 1978 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் பிராசஸர் யூனிட் என்ற பெயரில் நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். பிறருக்கு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை வடிவமைத்துத் தருவதே அதன் முதல் தொழில். முதலில் கிடைத்த பணி, காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டுச் சுற்று.

அந்தப் பணிக்கு ஆள் தேடியபோதுதான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திவந்த நுண்செயலிக் குழு அவர்கள் கண்ணில் பட்டது. ஸ்டீவ் ஃபர்பர், சோஃபி வில்சன் ஆகிய இருவரும் அந்த வட்டத்திலிருந்து வந்தவர்கள். அடுத்த பத்தாண்டுகளில் நிறுவனம் செய்த பெரிய காரியங்கள் எல்லாவற்றிலும் இவ்விருவரின் கை இருந்தது. ஃபர்பரின் பலம் மின்சுற்றிலும் கட்டமைப்பிலும், வில்சனின் பலம் கட்டளைத் தொகுப்பிலும் நிரலிலும் இருந்தது. ஆயினும் ஒருவர் செய்ததை மற்றவர் முழுவதும் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது.

ஏகார்ன் என்ற பெயர் ஏன் வைக்கப்பட்டது?

தொடக்கத்தில் இது கணினிகளை விற்பதற்கான வணிகப் பெயர் மட்டுமே. ஆங்கில அகர வரிசையில் ஆப்பிளுக்கு முன்னால் வரும் என்பதை நிறுவனர்களே ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் கணினிகள் எவை?

1979-இல் வெளிவந்த ஏகார்ன் சிஸ்டம் 1 முதலாவது. இதைச் சோஃபி வில்சன் வடிவமைத்தார். 6502 நுண்செயலி, சுமார் ஒரு கிலோபைட் நினைவகம், பதினாறு அடியெண் விசைப்பலகை, எட்டு எண்களைக் காட்டும் ஒளிர்திரை ஆகியவை இரண்டு சிறிய சுற்றுப்பலகைகளில் அடங்கியிருந்தன. ஆய்வகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இருந்த பொறியாளர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதால், வீட்டுக்கென்று கணினி தேடியவர்களுக்கு இது உதவவில்லை.

அந்த இடத்தை நிரப்ப 1980-இல் ஏகார்ன் ஆட்டம் (Atom) என்ற கணினி வந்தது. முழு விசைப்பலகை, தொலைக்காட்சியில் இணைக்கும் வசதி, நிரல் எழுத உதவும் பேசிக் மொழிக்கு வில்சன் உருவாக்கிய வடிவம் ஆகியவற்றுடன் பெட்டகமாக 120 பவுண்டுக்கும், இணைத்து முடித்த நிலையில் 170 பவுண்டுக்கும் விற்கப்பட்டது. ஒரே அறையில் உள்ள பல கணினிகளை இணைத்து ஒரு வட்டுக் கருவியைப் பகிர்ந்துகொள்ள உதவும் ஈகோநெட் என்ற வலையமைப்பும் ஆட்டம் கணினியின் காலத்திலேயே உருவாகிவிட்டது. வட்டுக் கருவி கணினியைவிட விலை கூடியதாக இருந்த காலத்தில் ஒரு பள்ளிக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது பின்னர் தெரியவந்தது.

பிபிசி என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு கணினி எதற்கு?

1970-களின் முடிவில் நுண்செயலியால் வேலைகள் பறிபோகும், சமூகமே மாறும் என்ற பேச்சு பிரிட்டனில் பலமாக எழுந்தது. பொதுமக்களுக்குக் கணினியைக் கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்த பிபிசி கணினி எழுத்தறிவுத் திட்டத்தை வகுத்தது. தொலைக்காட்சித் தொடர், பாடநூல்கள், பயிற்சி வகுப்புகள் ஆகியவற்றோடு ஒரு கணினியும் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அப்போது சந்தையில் இருந்த ஒவ்வொரு கணினியும் பேசிக் மொழியில் தன் போக்கில் ஒரு வழக்கைக் கொண்டிருந்ததால், திரையில் காட்டும் நிரலைப் பார்ப்பவர் வீட்டில் தட்டச்சு செய்து அப்படியே இயக்கிப் பார்க்க முடியாது. ஆகவே தன் பெயரிலேயே ஒரு கணினி வேண்டும் என்றும், அது எப்படி இருக்க வேண்டும் என்றும் பிபிசி வரையறை எழுதியது. முதலில் நியூபரி லேபரட்டரீஸ் உருவாக்கிவந்த நியூபிரெய்ன் கணினியே கருதப்பட்டது. அது குறித்த காலத்தில் தயாராகாது என்று தெரிந்ததும் 1981 தொடக்கத்தில் ஏகார்ன் உட்பட வேறு சில நிறுவனங்களைப் பிபிசி அணுகியது. சின்கிளேரும் போட்டியில் இருந்தார்.

மாதிரிக் கணினியை ஒரே வாரத்தில் செய்து காட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். ஆட்டம் கணினிக்கு அடுத்ததாகப் புரோட்டான் என்ற கணினியை ஏகார்ன் காகிதத்தில் திட்டமிட்டுக்கொண்டிருந்தது. பிபிசி குழுவினர் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தபோது கையில் இருந்தவை வரைபடங்கள் மட்டுமே. ஹவுசர் ஃபர்பரிடம் சென்று, ஒரு வாரத்தில் செய்ய முடியும் என்று வில்சன் சொல்லிவிட்டார் என்றார். வில்சனிடம் சென்று, ஃபர்பர் முடியும் என்று சொல்லிவிட்டார் என்றார். இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

சுற்று வரைபடத்தை முடித்து, பாகங்களைத் திரட்டி, ஊசிகளுக்கிடையே மெல்லிய கம்பிகளைக் கையால் சுற்றி இணைத்தார்கள். வியாழன் இரவு முழுவதும் விழித்திருந்தும் இயந்திரம் உயிர் பெறவில்லை. மாதிரிப் பலகையை ஒரு சோதனைக் கருவியோடு இணைத்து வைத்துத்தான் பிழை தேடிக்கொண்டிருந்தார்கள். விடியும் நேரத்தில், அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு இயந்திரத்தைத் தானாக ஓட விட்டுப் பாருங்கள் என்றார் ஹவுசர். துண்டித்ததும் அது ஓடியது. காலையில் பிபிசி குழுவினர் வந்தபோது வில்சன் அதில் நிரல் இயக்கிக் காட்டும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒப்பந்தம் ஏகார்னுக்குக் கிடைத்தது. திட்டத்தைக் கேட்டவர்களுக்குத் தாளைக் காட்டாமல் ஓடும் இயந்திரத்தைக் காட்டியதே அவர்களை வெற்றி பெறச் செய்தது என்று நான் நினைக்கிறேன்.

பிபிசி மைக்ரோ மற்றக் கணினிகளிலிருந்து எப்படி வேறுபட்டது?

1981 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட பிபிசி மைக்ரோவில் இரு வகைகள் இருந்தன. 16 கிலோபைட் நினைவகம் கொண்ட மாடல் ஏ 235 பவுண்டு, 32 கிலோபைட் கொண்ட மாடல் பி 335 பவுண்டு என விலை குறிக்கப்பட்டு, செலவு கூடியதால் விரைவிலேயே அவை முறையே 299, 399 பவுண்டுகளாக உயர்த்தப்பட்டன. விலையைப் பார்த்தால் சின்கிளேரின் கணினிகளைவிட இது பன்மடங்கு அதிகம். அந்த விலைக்கு என்ன கிடைத்தது என்பதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும்.

முதலாவது வேகம். அதே 6502 செயலியைப் பயன்படுத்திய பல கணினிகள் ஒரு மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கியபோது பிபிசி மைக்ரோவில் அது இரண்டு மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. செயலி ஒரு பக்கம் நினைவகத்தைப் படிக்க, திரைச் சுற்றும் அதே நினைவகத்தைப் படித்தாக வேண்டும். இரண்டும் மோதும்போது செயலியைக் காக்க வைப்பதே மலிவான கணினிகளில் வழக்கம். ஃபர்பரும் வில்சனும் நொடிக்கு நாற்பது இலட்சம் முறை விடை தரக்கூடிய ஹிட்டாச்சி நினைவகச் சில்லுகளைத் தேடிப் பிடித்து, ஒரு முறை செயலிக்கு, மறு முறை திரைக்கு என்று மாற்றி மாற்றிப் பகிர்ந்தளித்தார்கள். இதனால் திரையில் எவ்வளவு வேலை நடந்தாலும் செயலியின் வேகம் சிறிதும் குறையவில்லை.

இரண்டாவது, இணைப்பு வாய்கள். அச்சுப்பொறி, வட்டு, வலையமைப்பு, தொடர்ந்து மாறும் மின்னழுத்தத்தை அளக்கும் உள்ளீடு, பரிசோதனைக் கருவிகளைப் பொருத்தும் பயனர் வாய் எனப் பலவும் அதில் இருந்தன. இயற்பியல் ஆசிரியர் ஒருவர் வெப்பநிலை உணரியை இணைத்து வகுப்பிலேயே அளவுகளைப் பதிவு செய்யலாம். டியூப் என்ற வாயில் இன்னொரு செயலியையே வெளியே பொருத்தலாம். அப்போது பிபிசி மைக்ரோ உள்ளீட்டையும் வெளியீட்டையும் பார்த்துக்கொள்ள, புதிய செயலி கணக்கை மட்டும் கவனிக்கும். இந்த வாய் ஏகார்னின் பிற்கால வரலாற்றையே மாற்றியது.

மூன்றாவது, வில்சன் எழுதிய பிபிசி பேசிக். பெயரிட்ட செயல்முறைகள், உள்ளக மாறிகள், நிபந்தனை நிறைவேறும் வரை திரும்பச் செய்யும் கட்டமைப்பு ஆகியவற்றால் ஒழுங்கான நிரல் எழுதும் பழக்கத்தை அது மாணவருக்கு ஊட்டியது. இயந்திர மொழிக் கட்டளைகளைப் பேசிக் நிரலின் நடுவிலேயே எழுதவும் வசதி இருந்தது. ஒரே பாடவேளையில் ஒரு மாணவர் உயர்நிலை மொழியிலிருந்து செயலியின் அடிமட்டம் வரை இறங்கிச் சென்று பார்க்க முடிந்த கணினி அன்று வேறு அரிதாகவே இருந்தது.

வடிவமைப்பில் விளங்காமலே போன ஒன்றும் உண்டு. சோதனை மாதிரிகள் சில சமயம் சரியாக இயங்கவில்லை. பலகையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் விரலை வைத்தால் மட்டும் இயங்கின. அந்த விரலுக்குப் பதிலாகத் தரவுத் தடத்தின் குறுக்கே மின்தடைகளின் தொகுப்பு ஒன்றைப் பொருத்தினார்கள், சிக்கல் தீர்ந்தது. அது ஏன் தேவைப்பட்டது என்பது தங்களுக்குக் கடைசி வரை விளங்கவில்லை என்று ஃபர்பர் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார்.

எத்தனை விற்றன? பள்ளிகளுக்கு எப்படிச் சென்றன?

சுமார் 12,000 கணினிகள் விற்கும் என்றுதான் பிபிசி தொடக்கத்தில் எதிர்பார்த்தது. முடிவில் பதினைந்து இலட்சத்தைத் தாண்டி விற்றன. 1982 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபோது கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கக் கணினி கையிருப்பில் இல்லாமல் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பள்ளிகள் கணினி வாங்கும்போது பாதி விலையைப் பிரிட்டன் அரசின் தொழில் துறையே ஏற்கும் திட்டம் அந்நேரத்தில் நடைமுறைக்கு வந்தது. அத்திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட மிகச் சில கணினிகளுள் பிபிசி மைக்ரோவும் ஒன்று. பிரிட்டன் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் இக்கணினி இடம்பெற்றதற்கு இதுவே காரணம். உறுதியான உடல், குழந்தைகளின் கைபட்டுத் தேயாத விசைப்பலகை, தெளிவாக எழுதப்பட்ட பயனர் கையேடு ஆகியவையும் ஆசிரியர்களின் நம்பிக்கையைப் பெற்றுத்தந்தன.

இந்தியாவுக்கு இக்கணினி வந்ததா?

வந்தது. பள்ளிகளில் கணினிக் கல்வியை அறிமுகப்படுத்த இந்திய அரசு 1984-85-இல் தொடங்கிய கிளாஸ் என்ற முன்னோடித் திட்டத்தில் பிபிசி மைக்ரோதான் பயன்படுத்தப்பட்டது. அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் லிமிடெட் பாகங்களை வருவித்து இங்கேயே இணைத்துத் தயாரிக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் பள்ளியில் படித்தவர்களில் சிலருக்கு, சிவப்பு நிறச் செயல் விசைகள் வரிசையாக அமைந்த அந்த வெளிர்மஞ்சள் பெட்டி நினைவிருக்கலாம்.

இக்கணினிக்காக எழுதப்பட்டவற்றுள் குறிப்பிடத்தக்கவை எவை?

இரண்டைச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகியோர் எழுதி 1984-இல் ஏகார்னின் மென்பொருள் பிரிவான ஏகார்ன்சாஃப்ட் வெளியிட்ட எலைட் விளையாட்டு முதலாவது. எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள், அவற்றுக்கிடையே முப்பரிமாணத்தில் பறந்து வணிகம் செய்யும் கப்பல் ஆகிய அனைத்தும் 32 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கின. உலகங்களின் பெயரையும் இயல்பையும் சேமித்து வைக்க இடமில்லாததால், ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்கிட்டு வேண்டும்போதெல்லாம் அவற்றை உருவாக்கிக்கொள்ளும் முறையை அவர்கள் கையாண்டார்கள்.

மற்றது 1986-இல் பிபிசி வெளியிட்ட டூம்ஸ்டே திட்டம். 1086-ஆம் ஆண்டின் நிலக் கணக்கெடுப்பினுடைய 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் ஊரைப் பற்றி எழுதி அனுப்பியவற்றைத் திரட்டி லேசர் வட்டுகளில் பதித்தார்கள். அதைப் படிக்க, பிபிசி மைக்ரோவுக்கு அடுத்து வந்த பிபிசி மாஸ்டர் கணினியும் தனிப்பட்ட வட்டு இயக்கியும் வேண்டும். விலை பல ஆயிரம் பவுண்டாக இருந்ததால் எழுதித் தந்த பள்ளிகளே பலவும் அதை வாங்க இயலவில்லை. சில ஆண்டுகளில் அந்த இயக்கிகள் அரிதாகிவிட, தோலில் எழுதிய பழைய ஆவணம் படிக்கக் கிடைத்தபோது புதியதைப் படிக்க வழியில்லாமல் போனது. பின்னர் ஆய்வாளர்கள் பெரும்பாடுபட்டு அதை மீட்டெடுத்தார்கள். மின்னணு ஆவணங்களைப் பாதுகாப்பது குறித்துப் பேசுவோர் இன்றும் இதைத்தான் முதலில் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இவ்வளவு விற்ற நிறுவனம் 1985-இல் ஏன் தடுமாறியது?

எலெக்ட்ரான் என்ற கணினியின் தவறான காலக்கணக்கு முக்கியக் காரணம். சின்கிளேரின் ஸ்பெக்ட்ரம் கணினி வீடுகளில் பரவியதைக் கண்ட ஏகார்ன், பிபிசி மைக்ரோவின் மலிவான வடிவமாக 199 பவுண்டு விலையில் 1983 ஆகஸ்டில் எலெக்ட்ரானை அறிவித்தது. செலவைக் குறைக்கப் பெரும்பாலான சுற்றுகளை ஃபெரான்ட்டி நிறுவனத்தின் ஒரே சில்லுக்குள் அடக்கியிருந்தார்கள். நான்கே நான்கு நினைவகச் சில்லுகளைப் பயன்படுத்தியதால், ஒரு பைட்டைப் பெற இருமுறை நினைவகத்தை அணுக வேண்டியிருந்தது. இதனால் வேகம் குறைந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த ஒற்றைச் சில்லு வேண்டிய எண்ணிக்கையில் உற்பத்தியாகவில்லை என்பதே. 1983 கிறிஸ்துமஸுக்கு வந்த சுமார் மூன்று இலட்சம் ஆணைகளில் முப்பதாயிரம் அளவுக்குத்தான் நிறைவேற்ற முடிந்தது. கிடைக்காதவர்கள் வேறு கணினியை வாங்கிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டில் உற்பத்தி சீரானது. ஆனால் வீட்டுக் கணினிச் சந்தை சரியத் தொடங்கியது. இரண்டரை இலட்சம் எலெக்ட்ரான்கள் விற்காமல் கிடங்கில் தேங்கின. அமெரிக்காவில் பிபிசி மைக்ரோவை விற்க எடுத்த முயற்சியும் பெரும் செலவோடு தோல்வியில் முடிந்தது. வானொலி அலைக் குறுக்கீட்டைத் தடுக்கும் அந்நாட்டு விதிகளுக்காகக் கணினிக்குள் உலோகக் கவசம் பொருத்த வேண்டியிருந்தது. அங்குள்ள பள்ளிகளிலோ ஆப்பிள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. 1983 செப்டம்பரில் பங்குச் சந்தையில் நுழைந்தபோது சுமார் 135 மில்லியன் பவுண்டு மதிப்பு பெற்ற நிறுவனத்தின் 49.3 விழுக்காட்டை, 1985 பிப்ரவரியில் இத்தாலியின் ஒலிவெட்டி 12 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. அவ்வாண்டிலேயே அதன் பங்கு ஏறத்தாழ 80 விழுக்காடாக உயர்ந்தது. இந்தச் சரிவில் பொறியாளர்களின் குறை சிறிதளவே. எத்தனை கணினி, எப்போது செய்வது என்று முடிவெடுத்த இடத்தில்தான் தவறு நிகழ்ந்தது.

சின்கிளேரும் கரியும் மதுக்கடையில் கைகலந்தார்களா?

ஆம். 1984 டிசம்பரில், சின்கிளேர் கணினிகள் பழுதாகித் திரும்பி வருவதைச் சுட்டிக்காட்டி ஏகார்ன் வெளியிட்ட விளம்பரத்தால் கோபமடைந்த சின்கிளேர், கேம்பிரிட்ஜின் பேரன் ஆஃப் பீஃப் என்ற மதுக்கடையில் கரியைத் தாக்கினார். பின்னர் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள்.

சொந்தமாகச் செயலி வடிவமைக்கும் துணிவு ஏகார்னுக்கு எப்படி வந்தது?

6502-க்கு அடுத்து எந்தச் செயலியைப் பயன்படுத்துவது என்ற தேடலில் அது தொடங்கியது. அன்று சந்தையில் இருந்த 16 பிட் செயலிகள் பலவற்றை டியூப் வாயில் பொருத்திச் சோதித்தார்கள். நினைவகத்தின் வேகத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள அவற்றால் முடியவில்லை என்பதும், சில கட்டளைகளின் நடுவே நெடுநேரம் குறுக்கிட முடியாது என்பதும் தெரியவந்தன. பிபிசி மைக்ரோவின் வேகத்துக்கு நினைவகப் பகிர்வே காரணம் என்பதை அனுபவத்தில் கண்டவர்களுக்கு இக்குறைகள் பெரிதாகப் பட்டன.

அக்காலத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், எளிய கட்டளைகள் சிலவற்றை மட்டும் கொண்ட ரிஸ்க் வகைச் செயலியை ஆய்வாளர்களும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியிருந்தார்கள். அந்த ஆய்வுரைகள் ஏகார்னுக்கு வந்து சேர்ந்தன. 1983-இல் ஃபர்பரும் வில்சனும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குச் சென்று, 6502-இன் அடுத்த தலைமுறையை வடிவமைத்துக்கொண்டிருந்த வெஸ்டர்ன் டிசைன் சென்டரைப் பார்த்தார்கள். பெரிய ஆய்வகத்தை எதிர்பார்த்துச் சென்றவர்கள், ஒரு சாதாரண வீட்டில் மிகச் சிலர் செயலி வடிவமைப்பதைக் கண்டார்கள். இவர்களால் முடியுமானால் நம்மாலும் முடியும் என்ற எண்ணத்தோடு திரும்பினார்கள்.

வில்சன் கட்டளைத் தொகுப்பை வகுத்தார். ஃபர்பர் உள்கட்டமைப்பை வகுத்து, அதன் செயல் மாதிரியைப் பிபிசி பேசிக்கிலேயே எழுதிச் சோதித்தார். போட்டியாளர்களிடம் இல்லாத இரண்டை இந்தக் குழுவுக்குக் கொடுத்தேன், ஒன்று பணமின்மை, மற்றொன்று ஆளின்மை என்று ஹவுசர் பின்னாளில் சொன்னார். அதைச் சொல்லழகுக்காகச் சொன்னதாக நான் கருதவில்லை. ஆள் குறைவாக இருந்ததால் சிக்கலான எதையும் வைக்க இயலாமல், ஒவ்வொரு கட்டளையும் தன் இருப்பை நியாயப்படுத்த வேண்டியிருந்தது. ஆர்ம் என்று பெயரிடப்பட்ட இந்தச் செயலியின், விஎல்எஸ்ஐ டெக்னாலஜி நிறுவனம் உற்பத்தி செய்த முதல் சில்லு 1985 ஏப்ரல் 26 அன்று கேம்பிரிட்ஜுக்கு வந்து, பிபிசி மைக்ரோவின் டியூப் வாயில் பொருத்தப்பட்ட அன்றே இயங்கியது. அதில் இருந்தவை சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள் மட்டுமே. ஒலிவெட்டிக்கு இப்படி ஒரு செயலி உருவாவது பங்குகளை வாங்கும் வரை தெரியாது.

மின்சாரம் கொடுக்காமலே முதல் ஆர்ம் செயலி ஓடியது என்கிறார்களே?

ஃபர்பரும் வில்சனும் விளக்கிச் சொன்ன நிகழ்வு இது. செயலியை விலை குறைந்த பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டுமானால் அது ஒரு வாட்டுக்குமேல் வெப்பத்தை வெளியிடக் கூடாது. அளந்து பார்க்கலாம் என்று மின்வழங்கிக்கும் செயலிக்கும் இடையே அளவியை இணைத்தபோது அது பூஜ்யம் காட்டியது. செயலியோ நிரலை இயக்கிக்கொண்டிருந்தது. பலகையில் இருந்த ஒரு கோளாறால் செயலிக்கு வர வேண்டிய மின்வழங்கல் வந்தே சேரவில்லை. மற்றச் சில்லுகளிலிருந்து உள்ளீட்டு ஊசிகள் வழியாகக் கசிந்து வந்த சிறு மின்னோட்டமே அதற்குப் போதுமானதாக இருந்தது. குறைந்த மின்நுகர்வு அவர்களின் முதன்மை நோக்கமாக இருந்ததில்லை. உறையின் விலையைக் குறைக்க எடுத்த முன்னெச்சரிக்கையும், வடிவமைப்பின் எளிமையும் சேர்ந்து தந்த பலன் அது. மின்கலத்தில் இயங்கும் கருவிகள் பெருகிய பின்னர்தான் அதன் முழு மதிப்பு தெரிந்தது.

ஆர்க்கிமிடீஸ் கணினி ஏன் உலகை வெல்லவில்லை?

1987 ஜூனில் வெளிவந்த ஆர்க்கிமிடீஸ், ஆர்ம் செயலியைக் கொண்ட முதல் வீட்டுக் கணினி. 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கிய ஆர்ம்2, அதே விலையில் கிடைத்த மற்றக் கணினிகளைவிடக் கணக்கில் பன்மடங்கு விரைவானது. ஆனால் அதற்கென்று திட்டமிட்ட இயங்குதளம் காலத்தில் முடியாததால், ஆர்தர் என்ற இயங்குதளத்தை அவசரமாக எழுதி வெளியிட நேர்ந்தது. 1989-இல் வந்த ரிஸ்க் ஓஎஸ் அக்குறையைத் தீர்த்தது. மூன்று பொத்தான் சுட்டி, ஒரே நேரத்தில் பல நிரல்களை இயக்கும் வசதி, எழுத்துகளின் ஓரங்களை மென்மையாக்கிக் காட்டும் எழுத்துருக்கள் ஆகியவை அதில் இருந்தன. திரையின் அடியில் படக்குறிகளை வரிசையாக வைக்கும் பட்டை ஆர்தரிலேயே வந்துவிட்டது. இசைக் குறியீடு எழுதும் சிபேலியஸ் மென்பொருள் முதலில் இக்கணினிக்காகத்தான் எழுதப்பட்டது.

இவ்வளவு இருந்தும் அலுவலகங்கள் ஐபிஎம் வகைக் கணினிகளையே கேட்டன. அவர்களுக்கு வேண்டிய மென்பொருள் அங்கேதான் இருந்தது. செயலியின் வேகத்தால் அந்த இடைவெளியை நிரப்ப முடியவில்லை. பள்ளிகளில் ஏகார்ன் நிலைத்தது, வெளியே விரியவில்லை.

ஆர்ம் எப்போது தனி நிறுவனமானது?

1990 நவம்பரில். நியூட்டன் என்ற கையடக்கக் கருவிக்கு மின்சாரம் குறைவாக உண்ணும் செயலியைத் தேடிய ஆப்பிளுக்கு ஆர்ம் பிடித்திருந்தது; போட்டி நிறுவனமான ஏகார்னைச் சார்ந்திருக்க மட்டும் மனமில்லை. எனவே ஏகார்ன், ஆப்பிள், விஎல்எஸ்ஐ ஆகிய மூன்றும் சேர்ந்து தனி நிறுவனத்தை அமைத்தன. ஆப்பிள் ஏறத்தாழ 15 இலட்சம் பவுண்டு முதலிட்டது. ஏகார்ன் தன் வடிவமைப்பையும் பன்னிரண்டு பொறியாளர்களையும் கொடுத்தது. கேம்பிரிட்ஜுக்கு அருகே ஸ்வாஃபம் பல்பெக் என்ற சிற்றூரில் தானியக் களஞ்சியமாக இருந்த கட்டடமே முதல் அலுவலகம். தலைமை ஏற்ற ராபின் சாக்ஸ்பி, சில்லு எதையும் தயாரிக்காமல் வடிவமைப்புக்கு உரிமம் வழங்கிக் கட்டணம் பெறும் முறையை வளர்த்தெடுத்தார். கட்டளைகளைச் சுருக்கி நினைவகச் செலவைக் குறைத்த ஆர்ம்7டிடிஎம்ஐ செயலி, நோக்கியா 6110 கைப்பேசியில் இடம்பெற்றதோடு அந்த முறையின் வெற்றி உறுதியாயிற்று.

ஏகார்ன் எப்படி மறைந்தது?

1998 ஏப்ரலில் ஆர்ம் பங்குச் சந்தைக்கு வந்து, அதன் மதிப்பு வேகமாக ஏறியது. ஏகார்னிடம் ஆர்மின் பங்குகளில் ஏறத்தாழ கால் பகுதி இருந்தது. அந்தப் பங்குகளின் மதிப்பு, ஏகார்ன் நிறுவனம் முழுவதற்கும் சந்தை வைத்த மதிப்பைவிட அதிகமாகிவிட்டது. 1998 செப்டம்பரில் ஃபீபி என்ற புதிய கணினித் திட்டம் முடியும் தறுவாயில் கைவிடப்பட்டு, மேசைக் கணினிப் பிரிவு மூடப்பட்டது. 1999 ஜனவரியில் நிறுவனத்தின் பெயர் எலிமென்ட் 14 என்று மாற்றப்பட்டது. அவ்வாண்டில் மார்கன் ஸ்டான்லி என்ற முதலீட்டு வங்கியின் துணையோடு நிறுவனம் கலைக்கப்பட்டு, ஆர்ம் பங்குகள் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. தான் பெற்றெடுத்த நிறுவனத்தின் மதிப்பே தன்னைக் கலைப்பதற்குக் காரணமாக அமைந்தது. கணினிப் பிரிவு அதற்கு முன்பே நலிந்திருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் ஃபீபியை எதிர்பார்த்துப் பணம் கட்டிக் காத்திருந்த பயனர்களுக்கு அந்த முடிவு நியாயமாகப் பட்டிருக்காது.

ராஸ்பெரி பை கணினிக்கும் ஏகார்னுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஏகார்னின் பொறியாளர்கள் சிலர் எலிமென்ட் 14 என்ற பெயரைத் தம் புதிய சில்லு வடிவமைப்பு நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அதை 2000-இல் பிராட்காம் என்ற சில்லு நிறுவனம் வாங்கியது. சோஃபி வில்சனும் அவ்வழியே பிராட்காமுக்குச் சென்றார். 2012 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்த ராஸ்பெரி பை, ஆர்ம் செயலியைக் கொண்ட பிராட்காம் சில்லில் இயங்கியது. மாடல் ஏ, மாடல் பி என்ற பெயர்கள் பிபிசி மைக்ரோவை நினைத்தே வைக்கப்பட்டன. ஸ்டீவ் ஃபர்பர் 1990-இலேயே மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியராகச் சென்று, பத்து இலட்சம் ஆர்ம் செயலிக் கருக்களைக் கொண்டு நரம்பு மண்டலத்தின் செயலை ஒப்புருவாக்கும் ஸ்பின்னேக்கர் கணினியைக் கட்டினார்.

இக்கணினிகளை இன்று பார்க்கவோ இயக்கவோ முடியுமா?

கேம்பிரிட்ஜில் உள்ள கணினி வரலாற்று மையத்திலும், பிளெட்ச்லி பார்க் வளாகத்தில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்திலும் இயங்கும் நிலையில் பார்க்கலாம். பிபிசி மைக்ரோவைப் போலவே செயல்படும் ஒப்புருவாக்க நிரல்கள் உலாவியிலேயே இயங்குகின்றன. ரிஸ்க் ஓஎஸ் 2018-இல் திறந்த மூல உரிமத்துக்கு மாற்றப்பட்டது. ராஸ்பெரி பையில் நிறுவி இன்றும் பயன்படுத்தலாம்.

பழைய பிபிசி மைக்ரோ ஒன்று கைக்குக் கிடைத்தால் உடனே மின்சாரம் கொடுத்துவிட வேண்டாம். அதன் மின்வழங்கிப் பெட்டிக்குள், மின்தடத்து இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் ஒளிபுகும் மஞ்சள் நிற உறையில் இருக்கும். நாற்பதாண்டுகளில் அந்த உறையில் மயிரிழை விரிசல்கள் விழுந்து, காற்றின் ஈரம் உள்ளே ஏறியிருக்கும். அந்நிலையில் மின்சாரம் கொடுத்தால் சில நிமிடங்களிலேயே அவை வெடித்து அறை முழுவதும் புகையும் நாற்றமும் பரவும். மின்வழங்கியைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அந்த மின்தேக்கிகளை முதலில் மாற்றுங்கள். பிறகு இயக்கினால் ஒரு நீண்ட ஒலியும் ஒரு குறுகிய ஒலியும் கேட்கும். மாடல் பி என்றால் திரையில் பிபிசி கம்ப்யூட்டர் 32கே என்ற வரி தோன்றும்.